முண்டாசு கட்டிய பத்திரிகை ஆசிரியர்



ஆண்டு விழா வந்தாலும் சரி, சுதந்திர தின விழா வந்தாலும் சரி, பள்ளியில் மாறுவேடப் போட்டி என்று ஒன்று வைப்பார்கள் அல்லவா? ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று எந்த ஊர்ப் பள்ளியாக இருந்தாலும், அந்தப் போட்டியில் பாரதியார் வேடம் போட ஒருவராவது இருப்பார். வெள்ளைத் துணியில் முண்டாசு, அப்பாவின் பழைய கறுப்புக் கோட்டு, கண் மையால் வரைந்த மீசை, நெற்றியில் பொட்டு. மேடை ஏறி, நெஞ்சை நிமிர்த்தி, ஒரு பாட்டை முழங்கிவிட்டு இறங்கினால் போதும். கைதட்டல் காதைப் பிளக்கும்!

நீங்களும் அந்த வேடம் போட்டிருக்கலாம். சரி, உங்களுக்கு ஒரு கேள்வி. பாரதியார் என்ன வேலை பார்த்தார்?

கவிஞர் என்று சட்டென்று சொல்வீர்கள். ஆனால் கவிதை எழுதியதற்காக அவருக்கு யாரும் மாதச் சம்பளம் கொடுக்கவில்லை. அவர் பார்த்த வேலை பத்திரிகை வேலை. இருபத்திரண்டாவது வயதில் அந்த வேலையில் சேர்ந்தார். இறக்கும்போதும் அதே வேலையில்தான் இருந்தார். அவருடைய வீரமெல்லாம் பாட்டில் மட்டும் இல்லை. வாரம் தவறாமல் அச்சடித்து வெளியிட்ட பத்திரிகையிலும் இருந்தது. அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

எட்டயபுரத்துச் சுப்பையா

1882 டிசம்பர் 11ம் தேதி எட்டயபுரத்தில் பிறந்தார் சுப்பிரமணியன். வீட்டில் கூப்பிட்ட பெயர் சுப்பையா. அப்பா சின்னசாமி ஐயர், அம்மா லட்சுமி அம்மாள். சுப்பையாவுக்கு ஐந்து வயதானபோதே அம்மா இறந்துவிட்டார்.

கணக்குப் பாடத்தில் பையன் கெட்டிக்காரனாக வரவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பையனுக்கோ பாட்டில்தான் நாட்டம். பதினோரு வயதில் எட்டயபுரத்துப் புலவர்கள் சபையில் பாடி, பாரதி என்ற பட்டத்தைப் பெற்றார். அன்று முதல் அவர் சுப்பிரமணிய பாரதி.

1897ல் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்குப் பதினான்கு வயது, மணப்பெண் செல்லம்மாவுக்கு ஏழு வயது! அந்தக் காலத்து வழக்கம் அப்படி. அடுத்த ஆண்டே அப்பாவும் காலமானார். அத்தை வீட்டில் தங்கிப் படிப்பதற்காகக் காசிக்குப் போனார் பாரதி. அங்கே சமஸ்கிருதமும் இந்தியும் கற்றார். ஆங்கிலமும் தேறியது. இந்த மொழிகள்தான் பின்னால் பத்திரிகை வேலைக்குப் பெரிதும் கை கொடுத்தன.

ஊர் திரும்பிச் சில காலம் எட்டயபுரம் அரண்மனையில் இருந்தார். 1904ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சில மாதங்கள் வேலை பார்த்தார். அந்த ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது.

எண்பது பிரதியில் தொடங்கியவர்

அழைத்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். இவரைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1878ல் இவரும் நண்பர்கள் ஐந்து பேரும் சேர்ந்து ஓர் ஆங்கிலப் பத்திரிகை தொடங்கினார்கள். கையில் பணம் இல்லை. ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கினார்கள். அதை வைத்து எண்பது பிரதிகள் அச்சிட்டார்கள். அச்சடித்த இடம் தங்கசாலைத் தெரு. ஆமாம், இன்றைக்கு நீங்கள் மின்ட் தெரு என்று சொல்கிறீர்களே, அதேதான். அந்தப் பத்திரிகைதான் 'தி ஹிந்து'.

பிறகு ஐயருக்கு ஓர் எண்ணம் வந்தது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நாட்டு நடப்பு எல்லாருக்கும் தெரிய வேண்டுமானால் தமிழில் எழுத வேண்டும் அல்லவா? 1882ல் 'சுதேசமித்திரன்' என்ற தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1899ல் அது நாளிதழாக மாறியது. பாரதி பிறந்த ஆண்டிலேயே பிறந்த அந்தப் பத்திரிகைக்குத்தான், பாரதி உதவியாசிரியராக வந்து சேர்ந்தார்.

தந்தியும் ஈய எழுத்தும்

இன்று ஏதாவது நடந்தால் அடுத்த நிமிடமே தொலைக்காட்சியில் பார்த்துவிடுகிறோம். அன்று செய்தி எப்படி வந்தது தெரியுமா?

தந்தியில் வந்தது. கடலுக்கு அடியில் கம்பி போட்டிருந்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகளோ கப்பலில் வந்து சேரும். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் நின்றால், அதில் சரக்கு மட்டும் வரவில்லை, உலகச் செய்தியும் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் பத்திரிகை அலுவலகங்களும் அச்சுக்கூடங்களும் துறைமுகத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுன் தெருக்களில் நிறைய இருந்தன. ராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான்.

தந்திகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றை உடனுக்குடன் தமிழில் எழுதித் தர வேண்டும். இதுதான் உதவியாசிரியரின் முக்கிய வேலை. அப்போது அரசியல், பொருளாதாரம், விஞ்ஞானம் பற்றியெல்லாம் எழுதத் தமிழில் பழக்கப்பட்ட சொற்கள் குறைவு. ஒவ்வொரு சொல்லுக்கும் யோசிக்க வேண்டும். யோசிக்கவோ நேரம் இருக்காது. கம்பாசிட்டர் காத்துக்கொண்டிருப்பார்.

கம்பாசிட்டர் யார் என்று கேட்கிறீர்களா? அச்சுக் கோப்பவர். ஈயத்தில் வார்த்த எழுத்துகள் மரத்தட்டின் சிறு சிறு அறைகளில் கிடக்கும். ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி எடுத்து வரிசையாக அடுக்க வேண்டும். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாகத் திரும்பி இருக்கும்! அடுக்கி முடித்த பக்கத்துக்கு மை தடவி, ஒரு பிரதி எடுத்து, பிழை பார்த்து, திருத்தி, அப்புறம்தான் அச்சு ஓடும். ஒரு பக்கம் தயாராக எத்தனை பேர் உழைப்பு, பார்த்தீர்களா?

பாரதி இந்த வேலையில் நன்றாகத் தேறினார். சுப்பிரமணிய ஐயரைத் தம் குருவாகவே மதித்தார். 1905ல் 'சக்கரவர்த்தினி' என்ற மாதப் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பும் கிடைத்தது. அது பெண்கள் முன்னேற்றத்துக்காக வந்த பத்திரிகை. பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பவே பலர் தயங்கிய காலம் அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்த ஆண்டு இறுதியில் காசியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனார். திரும்பும் வழியில் விவேகானந்தரின் சீடரான சகோதரி நிவேதிதையைச் சந்தித்தார். பெண்ணுக்குச் சம உரிமை வேண்டும் என்ற எண்ணத்தை அவர் மனத்தில் ஆழமாக விதைத்தது அந்தச் சந்திப்புதான்.

சிவப்புத் தாளில் வந்த 'இந்தியா'

1905ல் ஆங்கில அரசு வங்காள மாகாணத்தை இரண்டாகப் பிரித்தது. நாடு கொதித்தது. அன்னியத் துணியை வாங்காதே, சொந்த நாட்டுப் பொருளையே வாங்கு என்ற சுதேசி இயக்கம் பரவியது.

காங்கிரசுக்குள் இரண்டு பிரிவுகள் உண்டாயின. ஆட்சியாளரிடம் மனுக் கொடுத்துப் பொறுமையாக உரிமைகளைப் பெறலாம் என்றவர்கள் மிதவாதிகள். கெஞ்சினால் கிடைக்காது, முழு உரிமைக்காகப் போராட வேண்டும் என்றவர்கள் தீவிரவாதிகள். அவர்களின் தலைவர் பாலகங்காதர திலகர். பாரதி திலகரின் பக்கம் சேர்ந்தார்.

மனத்தில் இருப்பதை எல்லாம் 'சுதேசமித்திர'னில் எழுத முடியவில்லை. ஐயர் நிதானமாகப் போக நினைத்தார், பாரதிக்கு அவசரம். அந்தச் சமயத்தில்தான், 1906 மே மாதம், 'இந்தியா' என்ற வாரப் பத்திரிகை சென்னையில் பிறந்தது. மண்டயம் குடும்பத்தைச் சேர்ந்த திருமலாச்சாரியார் அதற்குப் பணம் போட்டார். எழுத்துப் பொறுப்பு பாரதியின் கைக்கு வந்தது. அலுவலகம் பிராட்வேயில் இருந்தது.

'இந்தியா' கடையில் தொங்கினால் தூரத்திலிருந்தே தெரியும். ஏனென்றால் அது சிவப்புத் தாளில் அச்சாகி வந்தது! சுதந்திரப் போராட்டத்துக்கு ஏற்ற நிறம் என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொரு புதுமையும் உண்டு. முதல் பக்கத்தில் பெரிய கேலிச்சித்திரம்! ஆட்சியாளர்களையும், அவர்களிடம் பணிந்து போனவர்களையும் படம் போட்டுக் கிண்டல் செய்தார்கள். கீழே எளிய தமிழில் விளக்கம் இருக்கும். தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு முன்னோடி 'இந்தியா'தான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். படத்தை அச்சிட வேண்டுமானால் தனியாக அச்சுக்கட்டை செய்ய வேண்டும். அதற்குச் செலவும் அதிகம், நேரமும் அதிகம். இருந்தும் ஏன் செய்தார்கள்? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வண்டிக்காரரும் சுமை தூக்கும் தொழிலாளியும் படத்தைப் பார்த்தால் விஷயத்தைப் புரிந்துகொள்வார்கள் அல்லவா?

அந்த நாட்களில் பாரதி தம்புச்செட்டித் தெருவில் உள்ள காளிகாம்பாள் கோயிலுக்கு அடிக்கடி போவாராம். வீட்டில் சிறு குழந்தை, அலுவலகத்தில் ஓயாத வேலை. போதாக்குறைக்குப் புனைபெயர்களில் வேறு எழுதிக் குவித்தார். ஷெல்லிதாசன், காளிதாசன் என்றெல்லாம் அவருக்குப் பெயர்கள் உண்டு. ஷெல்லி என்பவர் ஆங்கிலக் கவிஞர். ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர், ஆங்கிலக் கவிதையை நேசித்தார். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை, என்ன சொல்கிறீர்கள்?

எதிரணிக்காரர் செய்த உதவி

1907ல் ஒரு வேடிக்கை நடந்தது. வி. கிருஷ்ணசாமி ஐயர் என்பவர் சென்னையின் பெரிய வக்கீல். மிதவாதிகளின் தலைவர்களில் ஒருவர். 'இந்தியா' பத்திரிகை அவரைப் போன்றவர்களைத்தான் கடுமையாகத் தாக்கி எழுதிக்கொண்டிருந்தது.

அவர் ஒரு நாள் பாரதியின் தேசப் பாடல்களைக் கேட்டார். உருகிப் போனார். மூன்று பாடல்களைத் தம் சொந்தச் செலவில் 15,000 பிரதிகள் அச்சடித்து, இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டார்! கருத்து வேறு, திறமையை மதிப்பது வேறு என்பதை அவர் காட்டிவிட்டார். வகுப்பில் உங்களோடு சண்டை போடும் பையன் நன்றாகப் படம் வரைந்தால், நீங்கள் முதல் ஆளாகக் கை தட்டுவீர்களா? யோசித்துப் பாருங்கள்.

கப்பலும் கைவிலங்கும்

தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை, பாரதியின் நெருங்கிய நண்பர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலக் கம்பெனிதான் கப்பல் விட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் போட்டியாக 1906ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார் வ.உ.சி. 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களும் வந்து சேர்ந்தன. 'இந்தியா' அந்த முயற்சியைப் பற்றி எழுதி, மக்களிடம் ஆதரவு தேடியது.

1908 மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். ஜூலையில் தீர்ப்பு வந்தது. வ.உ.சி.க்கு நாற்பது ஆண்டுச் சிறைத் தண்டனை! மேல்முறையீட்டில் அது குறைந்தது என்றாலும், சிறையில் அவர் செக்கிழுத்தார். 1912ல் விடுதலையானபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை. பின்னர் அவர் சென்னையில், சில காலம் நம் பெரம்பூரிலும் வாழ்ந்தார்.

நண்பர்கள் சிறைக்குப் போன பிறகும் 'இந்தியா' அடங்கவில்லை. ஒவ்வொரு வாரமும் சூடாகவே எழுதியது. அரசாங்கம் பொறுமை இழந்தது. 1908 ஆகஸ்டில் போலீசார் வந்தார்கள். கைதானவர் யார் தெரியுமா? பாரதி அல்ல!

சீனிவாசன் என்ற ஒருவர்

ஒரு பத்திரிகை நடத்த வேண்டுமானால் அதற்குப் பொறுப்பாளர் இவர் என்று அரசிடம் ஒரு பெயரைப் பதிவு செய்ய வேண்டும். 'இந்தியா'வுக்குப் பதிவாகியிருந்த பெயர் எம். சீனிவாசன். அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அனல் பறக்கும் கட்டுரைகளை எழுதியவர் அவர் அல்ல. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்தான் பொறுப்பாளி. ராஜத்துரோகக் குற்றத்துக்காக அவருக்கு ஐந்து ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அடுத்து பாரதியையும் பிடிப்பார்கள் என்று நண்பர்கள் பயந்தார்கள். சிறைக்குள் போனால் எழுத முடியாது, பத்திரிகையும் நின்றுவிடும், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் ஆளும் ஊர், அங்கே ஆங்கிலப் போலீசின் அதிகாரம் செல்லாது என்று எடுத்துச் சொன்னார்கள். பாரதி புதுச்சேரிக்குப் போனார்.

குழந்தைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பாரதி செய்தது சரியா?

இது எளிய கேள்வி இல்லை. நண்பர் சிறையில் இருக்கும்போது தாம் தப்பிப் போவது அவர் மனத்தை உறுத்தாமல் இருந்திருக்குமா? அதே சமயம், அவரும் சிறைக்குப் போயிருந்தால் 'இந்தியா' அன்றோடு முடிந்திருக்கும். பிறகு அவர் எழுதிய பெரிய காவியங்கள் நமக்குக் கிடைத்திருக்குமா என்பதும் சந்தேகம். வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து பட்டிமன்றம் நடத்தக்கூடிய விஷயம் இது. எந்த அணியில் பேசினாலும் ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பாரதியின் பெயரை நாடே அறியும். அவர் எழுதிய பத்திரிகைக்காகச் சிறை சென்ற சீனிவாசனின் பெயர் பலருக்குத் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

புதுச்சேரியில் பத்து ஆண்டு

1908 அக்டோபரில் 'இந்தியா' மறுபடியும் வந்தது, இந்த முறை புதுச்சேரியிலிருந்து. அதோடு 'விஜயா' என்ற நாளிதழும் வந்தது. ஆங்கில அரசு சும்மா இருக்குமா? பத்திரிகை தன் எல்லைக்குள் வராமல் தடுத்தது. வாசகர்கள் பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம்தானே இருந்தார்கள்? படிப்பவர்கள் கைக்குப் போகாத பத்திரிகை எத்தனை நாள் ஓடும்? 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றுபோனது.

பத்திரிகை இல்லை, வருமானம் இல்லை. வீட்டு வாசலில் உளவாளிகளின் நடமாட்டம். வரும் கடிதங்களைக் கூட வழியில் பிரித்துப் பார்த்தார்கள். செல்லம்மாவும் இரண்டு பெண் குழந்தைகளும் அவரோடு வந்து அந்தக் கஷ்டத்தை எல்லாம் பகிர்ந்துகொண்டார்கள். சமையலுக்கு வைத்திருந்த அரிசியை பாரதி குருவிகளுக்கு இறைத்துவிட்ட கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கேட்க அழகான கதைதான். ஆனால் அன்று உலை வைக்க வேண்டிய செல்லம்மாவின் பக்கம் நின்றும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள்!

பத்திரிகைக் கதவு மூடியபோது கவிதைக் கதவு அகலமாகத் திறந்தது. பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு என்று அவருடைய சிறந்த படைப்புகள் எல்லாம் இந்தப் பத்து ஆண்டுகளில்தான் பிறந்தன. அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் புதுச்சேரிக்கு வந்து சேர, பேச்சுக்கும் படிப்புக்கும் குறைவில்லாமல் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து 'சுதேசமித்திர'னுக்கு மறுபடி கட்டுரைகள் அனுப்பத் தொடங்கினார்.

கடைசி வரை பத்திரிகை

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைது செய்தார்கள். மூன்று வாரங்களுக்கு மேல் சிறையில் இருந்து, டிசம்பரில் விடுதலையானார். கொஞ்ச காலம் செல்லம்மாவின் ஊரான கடையத்தில் வாழ்ந்தார். 1919ல் சென்னை வந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார்.

1920ல் 'சுதேசமித்திரன்' மீண்டும் அழைத்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த அதே பத்திரிகையில், அதே உதவியாசிரியர் வேலை. குடியிருந்தது திருவல்லிக்கேணியில்.

அங்கே பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பழம் கொடுப்பது அவர் வழக்கம். 1921ல் ஒரு நாள் மதம் பிடித்திருந்த அந்த யானை அவரைத் தள்ளிவிட்டது. யானையின் காலடியில் விழுந்து கிடந்தவரை, நண்பர் குவளைக்கண்ணன் துணிந்து உள்ளே பாய்ந்து தூக்கி வந்தார். யானை தள்ளியதால்தான் பாரதி இறந்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. காயம் ஆறி, மறுபடி வேலைக்குப் போனார். ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலை வரை போய்ச் சொற்பொழிவும் ஆற்றினார். அதன் பிறகு வயிற்றுக்கடுப்பு நோய் வந்தது. மெலிந்த உடம்பு அதைத் தாங்கவில்லை.

செப்டம்பர் 11ம் தேதி இரவு. படுக்கையில் இருந்தவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் தெரியுமா? மறுநாள் அலுவலகத்துக்குப் போக வேண்டும், ஆப்கானிஸ்தான் மன்னர் அமானுல்லா கானைப் பற்றிக் கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று உடன் இருந்தவர்களிடம் சொன்னாராம். அந்தக் கட்டுரை எழுதப்படவே இல்லை. நள்ளிரவு தாண்டி அவர் உயிர் பிரிந்தது. வயது முப்பத்தெட்டு. இறுதி ஊர்வலத்தில் மிகச் சிலரே நடந்தார்கள்.

வேடம் போட்டவர்கள்

பாரதி மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1949ல் அவருடைய நூல்களின் உரிமையை அரசு வாங்கியது. பின்னர் அவை மக்கள் எல்லாருக்கும் பொதுவாயின. இன்று யார் வேண்டுமானாலும் அவர் பாடல்களைப் பாடலாம், அச்சிடலாம்.

அவர் வேடத்தை உங்களுக்கு முன்பே பெரிய நடிகர்கள் போட்டிருக்கிறார்கள். 1961ல் பி.ஆர். பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சிவாஜி கணேசன் வ.உ.சி.யாகவும், டி.கே. சண்முகம் சுப்பிரமணிய சிவாவாகவும், எஸ்.வி. சுப்பையா பாரதியாகவும் நடித்தார்கள். 2000ல் ஞான ராஜசேகரன் இயக்கிய 'பாரதி' படத்தில் சாயாஜி ஷிண்டே பாரதியாகவும், தேவயானி செல்லம்மாவாகவும் நடித்தார்கள். ஷிண்டே மராத்திக்காரர்! திலகர் பிறந்த மாநிலத்திலிருந்து வந்து, திலகரைத் தலைவராகக் கொண்ட தமிழ்க் கவிஞராக நடித்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

பத்திரிகையாளர் கதையை நாடகமாகவும் படமாகவும் எடுப்பது உலகம் முழுவதும் நடக்கிறது. அமெரிக்காவில் எட்வர்டு மரோ என்ற தொலைக்காட்சிச் செய்தியாளர் இருந்தார். மெக்கார்த்தி என்ற செனட்டர், தமக்குப் பிடிக்காதவர்களை எல்லாம் தேசத் துரோகி என்று முத்திரை குத்தி மிரட்டி வந்தார். 1954ல் மரோ தம் நிகழ்ச்சியில் மெக்கார்த்தியின் பேச்சுகளையே போட்டுக் காட்டி, அவர் செய்வது தவறு என்று நாட்டுக்கு எடுத்துச் சொன்னார். 2005ல் வந்த 'குட் நைட், அண்ட் குட் லக்' என்ற படத்தில் மரோவாக நடித்தவர் டேவிட் ஸ்ட்ராத்தெய்ர்ன். பாரதியிடம் இருந்தது ஈய எழுத்து, மரோவிடம் இருந்தது கேமரா. கருவி மாறினாலும், பயப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டிய வேலை ஒன்றுதான்.

பிராட்வேக்கு ஒரு முறை

அடுத்த முறை பிராட்வே பக்கம் போனால் நினைவு வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலைக்கு இப்போது பிரகாசம் சாலை என்று பெயர். அந்தப் பெயருக்கு உரிய டி. பிரகாசமும் சுதந்திரப் போராட்ட வீரர், பத்திரிகை நடத்தியவர்! சிவப்புத் தாளில் 'இந்தியா' அச்சான அந்தப் பகுதியிலேயே இன்று பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. 1964ல் தொடங்கிய அரசுக் கல்லூரி அது. வட சென்னையின் பெண் பிள்ளைகள் ஆண்டுதோறும் அங்கே பட்டம் பெற்று வெளியே வருகிறார்கள். 'சக்கரவர்த்தினி'யின் ஆசிரியருக்கு இதைவிட நல்ல நினைவுச் சின்னம் வேண்டுமா?

அடுத்த ஆண்டு விழாவில் பாரதி வேடம் போடும்போது முண்டாசும் மீசையும் மட்டும் போதாது. கோட்டுப் பையில் ஒரு பேனா இருக்கட்டும். கக்கத்தில் ஒரு சிவப்புத் தாள் பத்திரிகை இருக்கட்டும். நாடகமாகவே நடத்துவதானால் இன்னும் சிலருக்கும் வேடம் கொடுங்கள். ஈய எழுத்து பொறுக்கும் கம்பாசிட்டருக்கு ஒருவர், செல்லம்மாவுக்கு ஒருவர். சிறைக்குப் போன சீனிவாசனுக்கும் ஒருவர். கைதட்டல் அவர்களுக்கும் சேரட்டும்!